இடமிருந்து இரண்டாவது பெருமாள்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் நான் உன்னிடம் சொன்னது பொய். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதி முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் போய்விட்டால் இந்த ஒரு வரியாவது உன் கைக்கு வந்து சேரட்டும். பெற்ற பிள்ளைக்கு ஐம்பது வயதாகியும் தம்பி தம்பி என்று கூப்பிடுகிறேன் என்று உன் பெண்டாட்டி கேலி செய்கிறாள். செய்யட்டும். இதைப் படித்த பிறகும் அப்படிக் கூப்பிட நீ இடம் கொடுப்பாயா என்பதுதான் மூன்று நாளாக என் கவலை. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் நீதான் வந்துவிட்டாயோ என்று எழுந்து பார்க்கிறேன், வரவில்லை என்றதும் அப்பாடா என்று உட்காருகிறேன். எந்தத் தாயாவது மகன் வராததற்குச் சந்தோஷப்படுவாளா, சொல்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். ஜாசினில் நம் பழைய போட்டோக்கடையின் மாடியைக் காலி செய்தபோது கிடைத்த தகரப் பெட்டியைக் குருபோங்கில் இருக்கும் உன் வீட்டுக்குக் கொண்டுபோய், படங்களை ஒரு பக்கமும் கடிதங்களை ஒரு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறாய். வரும் செவ்வாய்க்கிழமை ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து வாங்கிக்கொண்டு போகப் போகிறாள். மலாக்காத் தோட்டங்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள், புத்தகமும் போடுகிறார்கள் என்றாய். அப்புறம் கேட்டாய்: "அம்மா, அஞ்சு பேரு நிக்கிற சங்கப் படம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு ஆளு மூஞ்சிய சுத்தி சிவப்புப் பென்சில்ல வட்டம் போட்டிருக்கு. பின்னால எழுதியிருக்கறதப் பாத்தா அது பெருமாள் மாமா. ஆனா மூஞ்சி மாமா மாதிரியே இல்ல லா." நான் யோசிக்கவே இல்லை. "சின்ன வயசுல உங்க மாமா அப்படித்தான் இருந்தாரு" என்றேன். நீயும், அப்படியா, சரி என்று விட்டுவிட்டாய். அந்தப் பெண் படத்துக்குக் கீழே போட "சங்கச் செயலாளர் ச. பெருமாள்" என்று ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்துவிட்டாள் என்றும் சொன்னாய்.

அது உன் மாமா இல்லை, தம்பி. அது வேறொரு பெருமாள். பின்னால் இருக்கும் எழுத்து என்னுடையது. அந்த எழுத்தால் ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுச் சிறைப்பட்டான், பிறந்த நாட்டை விட்டே அனுப்பப்பட்டான். தவறு தெரியாமல் செய்ததுதான். ஆனால் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லாவிட்டால் என் பொய் அச்சாகிவிடும். அதற்குப் பிறகு நான் செத்தாலும் அது சாகாது.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நியாலாஸ் பக்கத்தில் மூணாம் கட்டைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். எனக்கு இருந்த ஒரே சொத்து என் கையெழுத்து. பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டும் அட்டைகளைக்கூட வாத்தியார் என்னைத்தான் எழுதச் சொல்வார். உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்றே, "கடைக்கு ஒரு எழுத்தர் கெடச்சாச்சு" என்று கேலி பேசினார். விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது. அவர் படம் எடுப்பார், கழுவுவார். கடையில் வைத்துக்கொள்ளும் பிரதியின் பின்பக்கத்தில் யார் எவர் என்று நான் எழுதி வைப்பேன். யாராவது பிறகு வந்து இன்னொரு படம் வேண்டும் என்று கேட்டால் தேடி எடுப்பதற்கு அது வசதி.

கல்யாணமாகி நாலாவது மாதம், மூணாம் கட்டைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கக் கிளையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். என் அண்ணன், உன் பெருமாள் மாமாதான், அதற்குச் செயலாளர். தலைவர் மாரியப்பன். பிறந்த தோட்டத்துக்குப் புருஷனோடு போகிறேன் என்று நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கமிட்டியில் ஐந்து பேர். அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல். தலைவர் நடுவில் உட்கார, ஒரு பக்கம் இரண்டு பேர், மறு பக்கம் ஒருவர் என்று நின்றால் படம் ஒருச்சாய்ந்து போகும் என்று உன் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஆளைப் பார்த்து, "அண்ணே, நீங்களே நில்லுங்க, சட்டைய மட்டும் மாட்டிக்கிட்டு வந்துருங்க" என்றார். அவர் பெயரும் பெருமாள். என் அண்ணன் சன்னாசி மகன் பெருமாள், ச. பெருமாள். இவர் முனியாண்டி மகன், மு. பெருமாள். தோட்டத்தில் யாருக்கும் குழப்பம் வராது. அவரைச் சங்கப் பெருமாள் என்பார்கள், இவரைப் பாட்டுப் பெருமாள் என்பார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும்போது பாடிக்கொண்டே வெட்டுவார், அதனால். சங்கத்துக்கும் அவருக்கும் பெஞ்சு தூக்கியதைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.

உனக்கு அந்தப் பழைய கேமரா ஞாபகம் இருக்கும். மூன்று கால் வைத்து, பின்னால் கறுப்புத் துணி தொங்கும். அன்றுதான் உன் அப்பா முதல் தடவையாக, "வா, வந்து பாரு" என்று என்னைத் துணிக்குள் கூப்பிட்டார். உள்ளே ஒரு கண்ணாடி. அதில் என் அண்ணன், மாரியப்பண்ணன், பள்ளிக்கூடம், தென்னை மரம் எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியில் நின்றவர்களும், என்ன புள்ள சிரிக்கிற என்று சிரித்தார்கள். அப்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து வட்டம் போட்டு, கண்ணாடியில் பார்த்த வரிசையிலேயே பெயரை எழுதிக்கொண்டேன். தலைகீழாக இருக்கிறது என்பது தெரிந்தது. இடமும் வலமாக மாறித்தான் அந்தக் கண்ணாடியில் தெரியும் என்பது தெரியவில்லை. கடைக்கு வந்து, படம் கழுவிக் காய்ந்ததும், அதைக் குப்புறப் போட்டு, காகிதத்தைப் பார்த்து, "இடமிருந்து வலம்" என்று தலைப்பிட்டு, முத்து முத்தாக எழுதினேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் என் அண்ணன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியாதா. மை இழுகிவிடும் என்று திருப்பவில்லை.

மறு வருஷம், கம்யூனிஸ்டுகளை ஒடுக்குகிறோம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் வந்தது. சங்கங்களில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். மாரியப்பண்ணன் முதலிலேயே பிடிபட்டுவிட்டார். உன் மாமாவை அதற்கு இரண்டு மாதம் முன்பே துரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். அவர் மஸ்ஜித் தானாவில் ஒரு ராவுத்தர் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். போலீசிடம் இருந்தது பெயர் மட்டும்தான்: செயலாளர் பெருமாள். தோட்டத்துப் பெயர்ப் புத்தகத்தில் ஏழெட்டுப் பெருமாள் இருந்தார்கள். முகம் தெரிய வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார்கள்.

காலை பத்து மணி இருக்கும். ஒரு அதிகாரியும், தமிழ் பேசும் ஒரு போலீஸ்காரரும். சங்கப் படத்தைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல முடியாது, கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது. போலீஸ்காரர் பின்பக்கத்தைப் படித்தார். முன்பக்கத்தைத் திருப்பி, "நடுவுல மாரியப்பன். சரியா இருக்கு துவான், இவனத்தான் போன வாரம் புடிச்சோம்" என்று அதிகாரியிடம் சொன்னார். நடுவில் இருப்பவரின் பெயர், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில்தானே இருக்கும். அது சரியாக இருந்ததால் மற்ற நாலும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். "இடமிருந்து ரெண்டாவது, ச. பெருமாள்" என்று அவர் விரல் போய் நின்றது. என் அண்ணன் கழுத்துக்கு வரப்போகிறது என்று நான் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரல் பாட்டுப் பெருமாள் முகத்தில் நின்றது.

அந்த நிமிஷத்தை நான் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாய் திறந்தேன், தம்பி. சத்தியமாகத் திறந்தேன். தப்பு என்று சொன்னால், அப்படியானால் எவன் சரி என்று கேட்பார்கள். மூடிவிட்டேன். அந்த அதிகாரி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து முகத்தைச் சுற்றி வட்டம் போட்டார். படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அப்பா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "கண்ணாடியில பாத்தா எழுதுன?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் உட்கார்ந்து கறுப்புத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிகாலை, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வைத்தே பாட்டுப் பெருமாளைப் பிடித்துவிட்டார்கள். படத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "உன் பேரு பெருமாளா?" என்று கேட்டார்களாம். அந்த மனுஷன், "ஆமாங்க, நான்தாங்க பெருமாள்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம். வேறு என்ன சொல்வார், அவர் பெயர் அதுதானே. இவன் பாட்டுப் பெருமாள், சங்கத்துக்காரன் இல்லை என்று நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாத் தோட்டத்திலும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் பஸ் ஏறி மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். உன் மாமா கஜக்கோலை வைத்துத் துணி அளந்துகொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். கஜக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டார். கேட்டு முடித்ததும், "நான் போய் சொல்லிர்றேன் புள்ள" என்றார்.

"அண்ணே, வேண்டாம். தூக்குல போட்டுருவானுங்க."

"அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. பெஞ்சு தூக்குனவன். அவன எதுக்கு?"

"ஒண்ணும் செய்யலன்னு தெரிஞ்சா அவர விட்டுருவாங்க. ஒங்கள விட மாட்டாங்க. அம்மா செத்துப்போயிரும்ணே."

அவர் நடக்க ஆரம்பித்தார். நான் கஜக்கோலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அம்மா தலைமேல் சத்தியம் செய்தால்தான் விடுவேன் என்றேன். செய்ய வைத்தேன். ஒரு நல்ல மனுஷன் செய்ய நினைத்த நல்ல காரியத்தை, அவன் தங்கச்சி நான், கையைப் பிடித்துத் தடுத்தேன். உன் மாமா கோழை இல்லை, தம்பி. அதை நீ எங்கே வேண்டுமானாலும் சொல். கோழை நான்தான்.

இரண்டு மாதம் கழித்துக் காளியம்மா கடைக்கு வந்தாள். பாட்டுப் பெருமாளின் பெண்டாட்டி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கேட்க வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ புருஷன் தடுப்பு முகாமிலிருந்து எழுதிய கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, "தங்கச்சி, எனக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்துல யாருட்டயும் குடுக்க பயமா இருக்கு, கேம்ப்பு முத்திரையப் பாத்தாலே வெலகிப் போறாங்க. நீ நம்ம தோட்டத்துப் புள்ளதானே" என்றாள். படித்துக் காட்டினேன். பதிலும் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் வந்துவிடுவாள். ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு, வாசலில் பையைக் கொட்டிச் சோதிக்கிறார்கள், கடிதத்தை வீட்டில் வைக்கப் பயம் என்று என்னிடமே கொடுத்து வைத்தாள். நீ கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறாயே, அந்தக் கடிதங்கள் அவைதான்.

அதில் நாலாவது கடிதத்தை எடுத்துப் பார். இடையிடையே மை பூசி அழித்திருப்பார்கள். ஆனால் கடைசியில் மூன்று வரியை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். "காளி, போட்டோவில் பேர் இருக்கிறது என்றுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். போட்டோக்கடை அம்மாவிடம் கேள். அந்தப் படத்தில் பேர் மாறி எழுதியிருக்கிறது என்று அவர்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள்." இதைக் காளியம்மாவுக்கு நான்தானே படிக்க வேண்டும். அதற்கு முந்தின வரி வரை படித்தேன். "அவ்வளவுதானா தங்கச்சி?" என்றாள். "அவ்வளவுதான்க்கா. புள்ளைங்கள நல்லா பாத்துக்கன்னு முடிச்சிருக்காரு" என்றேன். அவர் எழுதாததை நானே எழுதிப் படித்தேன். அவள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யார் பெயரையும் நான் மூன்று தரம் கேட்பேன் என்று உனக்கு எரிச்சலாக வரும். உன் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்வாய். அது எங்கே ஆரம்பித்தது என்று இப்போது சொல்கிறேன். எல்லாருக்கும் ஐ.சி. என்ற அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று படம் எடுக்கும் வேலை வந்தது. தோட்டம் தோட்டமாக உன் அப்பாவோடு போனேன். பெயரை எழுதிய சிலேட்டை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நிற்பார்கள். எழுதுவதற்கு முன்னால் பெயர் ஒரு தரம், அப்பன் பெயர் ஒரு தரம், எழுதிய பிறகு படித்துக் காட்டி இன்னொரு தரம் கேட்பேன். "மூணுதரம் வந்துட்டாடா" என்று வரிசையில் சிரிப்பார்கள். யாரிடமும் சிலேட்டை அவர் முகத்தைப் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை. ஆயிரம் பேருக்குச் சரியாக எழுதினால் ஒருவருக்குத் தப்பாக எழுதியது கழிந்துவிடும் என்று அந்த வயதில் நினைத்தேன் போலிருக்கிறது. கழியவில்லை. உனக்கு நான் புத்தி சொல்லும் யோக்கியதை உள்ளவளா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒருவருக்குத் தப்புச் செய்தால், அந்த ஆளிடமே போய்ச் சொல். வேறு நூறு பேருக்கு நல்லது செய்து சரிக்கட்டப் பார்க்காதே. அவர்களும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

மூன்றாவது வருஷம் அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். மூணாம் கட்டைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவரை, பார்த்தே இராத அப்பன் ஊருக்கு அனுப்பினார்கள். காளியம்மாவும் பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். ஜாசின் பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன் தங்கச்சி. எங்கூடப் பொறந்த பொறப்பாட்டம் நெனச்சிக்கிறேன்" என்றாள். அப்போது நீ என் வயிற்றில். கடிதங்களைச் சோதனைக்குப் பயந்து எடுத்துப் போகவில்லை, வைத்திரு என்றாள். அடுத்த மாதம் போலீஸ் நிலையத்துக்குப் படம் எடுக்கப் போன உன் அப்பா, கடைப் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கிறது, வேலை முடிந்திருந்தால் கொடுங்கள் என்று கேட்டு அந்தப் படத்தை வாங்கிவந்தார். கிழித்துப்போடத்தான் வாங்கியிருப்பார். ஆனால் தகரப் பெட்டியில், கடிதங்களுக்கு மேலே வைத்தார். நானும் கிழிக்கவில்லை.

நீ பிறந்து தவழும்போது இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெட்டியில் மற்றவற்றோடு அது இல்லை. என் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன், நீயே படி. என் பெயர் போட்டு, பாட்டுப் பெருமாள் எழுதியது. ஊரில் எல்லாரும் தன்னை மலாயாக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கே ரப்பர் மரம் இல்லாததால் பாட்டு வரவில்லை என்று விளையாட்டாக எழுதியிருக்கிறார். பிறகு எழுதியிருக்கிறார்: விசாரணையில் படத்தைத் திருப்பிக் காட்டினார்கள். நான் மு., இது ச. என்று போட்டிருக்கிறது, எழுத்து மாறிவிட்டது என்றேன். அப்படியானால் அந்த இன்னொரு பெருமாள் எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியும், தம்பி. மஸ்ஜித் தானாவில் உன் மாமா துணி கிழிப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொன்னார்.

கடைசி வரிகளை அவர் எழுதியபடியே தருகிறேன். "தங்கச்சி, காளிக்காக நீ எழுதின பதில் எல்லாம் முகாமில் எனக்கு வந்தது. கையெழுத்தை முதல் கடிதத்திலேயே கண்டுகொண்டேன். நான் இருக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஒரு காப்பி அனுப்பு. பின்னால் பேரை இந்தத் தடவை சரியாக எழுது."

இந்தத் தடவை. அந்த இரண்டு வார்த்தையைப் படித்ததிலிருந்து நான் நிம்மதியாக இருந்ததில்லை. நாலாவது கடிதத்தில் கேட்டதற்கு என்னிடமிருந்து பதில் வராதபோதே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். அதற்குப் பிறகும் மாதா மாதம் கடிதம் எழுதினார், நான் படிப்பேன் என்று தெரிந்தே எழுதினார். அவர் கேட்டது ஒரே ஒரு படம். புருஷன் படக்கடைக்காரர், நெகடிவ் தகடு அலமாரியில் இருக்கிறது, அரை மணி நேர வேலை. பின்பக்கத்தில் சரியாக எழுதினால் அது என் கைப்பட எழுதிய ஒப்புதல் ஆகிவிடும், தபாலில் யாராவது பிரித்துப் பார்த்தால் அண்ணனுக்கு ஆபத்து என்று பயந்து, அடுத்த மாதம் அனுப்பலாம் என்று வைத்தேன். முள்கம்பியை எடுத்தார்கள், நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, அவசரகாலமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அனுப்புவதற்கு எனக்கு என்ன தடை? வெட்கம்தான். இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை என்று எழுத வேண்டுமே.

உன் கல்யாணத்தில் மாமா மேடைக்கு வந்து படத்தில் நிற்கவில்லை என்று ஒரு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தாய். உன் பெண்டாட்டி வீட்டாரை மதிக்கவில்லை என்று நினைத்தாய். அவர் பந்தி நடந்த இடத்தில், சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். "பெருமாள்னு ஒருத்தன் படத்துல நின்னது போதும் புள்ள" என்றார். அவர் செத்தபோது வைப்பதற்குப் படம் இல்லாமல் ஐ.சி. படத்தை நீ பெரிதாக்கினாய். மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் கலங்கிப்போய் இருந்தது. "போட்டோக்கடை வச்சிருந்த குடும்பம், ஒரு படம்கூட இல்லையாம்மா" என்று என்னைக் கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்றிருந்தது. எனக்குச் சாக்கு எப்போதுமே தட்டுப்பாடாக இருந்ததில்லை.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். பெட்டியைக் கொடுக்காதே என்று சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அது வேண்டாம். கொடு. சிவப்பு வட்டத்தை அழிக்காதே, என் எழுத்தையும் அழிக்காதே. அந்தப் பெண்ணிடம் தட்டச்சு செய்ததை மாற்றச் சொல். நாலாவது கடிதத்தைக் கட்டாயம் சேர்த்துக் கொடு, நான் படிக்காமல் விட்ட மூன்று வரியை யாராவது படிக்கட்டும். இந்தக் கடிதத்தையும் அதோடு வை. உன் அம்மா பெயர் வெளியே வருமே என்று யோசிக்காதே. உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். தீபாவளிக்கு நீ வருவாயா என்று இப்போதே பயமாக இருக்கிறது. வராவிட்டாலும் இதைச் செய்.

செய்யும் முன் இன்னொரு வேலை. படத்திலிருந்து ஒரு காப்பி எடு, வட்டம் இல்லாமல் எடுக்க முடியுமா என்று கடையில் கேள். இந்தியக் கடிதத்தின் மேலே விலாசம் இருக்கிறது. அவர் இருக்க மாட்டார், காளியம்மாவும் இருக்க மாட்டாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கே ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீடே இல்லாமல் தபால் திரும்பி வரலாம். வந்தால் மறுபடியும் அனுப்பு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, பஞ்சாயத்துக்கு அனுப்பு. பின்பக்கத்தில் எழுத வேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன். கண் மங்கிவிட்டதால் எழுத்து முன்போல் இல்லை. தபாலில் போக வேண்டியதை நீ தட்டச்சு செய்யாதே, இந்தத் துண்டையே வெட்டி ஒட்டு. என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்.

படத்தைப் பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து:

அந்தோணி
மு. பெருமாள்
மாரியப்பன், தலைவர்
ச. பெருமாள், செயலாளர்
வேலு

இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் முனியாண்டி மகன் பெருமாள். சங்கத்துக்காரர் இல்லை. பெஞ்சு தூக்கி வந்தவர், பாடுவார்.

முகத்தைப் பார்த்து, மூன்று தரம் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மா